பட்டறைக்குள் பதினாறு டைனோசர்கள்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு நேராக வெங்காயப் பட்டறைக்குத்தான் போவார்கள். பெரம்பலூரைச் சுற்றி சின்ன வெங்காயம் போடாத குடும்பம் குறைவு. பிடுங்கி உலர்த்தியதும் விதைக்கென்று ஒரு பங்கை எடுத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டிய தட்டிகளுக்கு நடுவே கொட்டி, மேலே கீற்று போட்டு மூடிவிடுவோம். காற்று நுழையும், மழை நுழையாது. அதுதான் பட்டறை. பெண்ணின் அப்பா பக்கத் தட்டியை லேசாக விலக்கி முழங்கை வரை கையை உள்ளே விடுவார். சூடு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். கையை வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பார். வெங்காயம் அழுகாமல் இருந்தால் அந்த வீட்டில் கவனிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இது என் அம்மாவுக்குத் தெரியாததில்லை. பதட்டத்தில் மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

என்னிடம் பதினாறு டைனோசர்கள் இருக்கின்றன. எல்லாம் மூட்டு வைத்தவை. சிலை மாதிரி விறைத்து நிற்பவற்றை நான் வாங்குவதில்லை. தாடை திறக்க வேண்டும். தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாம் தனித்தனியாகத் திரும்ப வேண்டும். வால் கண்ணி கண்ணியாக வளைய வேண்டும். கையில் எடுத்ததும் முதலில் இடுப்பு மூட்டைத்தான் திருப்பிப் பார்ப்பேன். அது இறுக்கமாகவும் இருக்க வேண்டும், இழுத்த இழுப்புக்கு வரவும் வேண்டும். தளர்ந்திருந்தால் பொம்மை தன் பாரத்தைத் தானே தாங்காது.

முதலாவது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில் குடங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பஸ் திரும்பிய காற்றில் அதன் வால் மட்டும் ஆடியது. உடம்பு ஆடவில்லை. நின்றுவிட்டேன்.

"அக்கா புள்ளைக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க."

எனக்கு அக்காவே கிடையாது. அதன் பிறகு இரண்டு வருடமாக அந்தக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தம்பி நல்லா வெளையாடறானா? இப்ப என்னா படிக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பையனை ஒன்றாவதில் சேர்த்து, இரண்டாவதுக்கு அனுப்பி, ஒருமுறை காய்ச்சலில்கூடப் படுக்க வைத்தேன்.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லை அரைத்துத் தூளாக்கி, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரைப்பதற்கு முன் சில கற்களில் சிப்பியின் வரிகள் தெரியும். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்தது, இதன் கரையோரம் டைனோசர்கள் நடமாடின, எலும்புகூடக் கிடைத்திருக்கிறது என்பதையெல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன்தான் நான். கையில் அந்த வரிகளை விரலால் தடவிய பிறகுதான் அது நடந்த விஷயம் என்று உறைத்தது. நான் தினமும் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி கடக்கும் மண்ணில் அவை காலை ஊன்றி நடந்திருக்கின்றன. எப்படி ஊன்றின? முதலில் எந்தக் கால்?

என் விளையாட்டு இந்தக் கேள்விதான். பொம்மையை நிறுத்தி போனில் ஒரு படம் எடுப்பேன். ஒரு காலைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். இப்படி நூற்றைம்பது படம் எடுத்து ஓடவிட்டால் பத்து நொடிக்கு அது நடக்கும். நான்கு கால் உள்ளவற்றுக்கு எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு காலில் நிற்பவை முரண்டு பிடித்தன. எத்தனை முறை எடுத்தாலும் குடித்துவிட்டு வருகிற ஆள் மாதிரி நடந்தன. பிறகுதான் கோழியைப் பார்க்க ஆரம்பித்தேன். கோழி காலைத் தூக்கும்போது விரல்களை மூடிக்கொள்ளும், ஊன்றும்போது விரிக்கும். உடம்பு முன்னே போகும் வரை தலை ஓர் இடத்திலேயே நிற்கும். பிறகுதான் வெடுக்கென்று முன்னே வரும்.

"வேலைக்குப் போற புள்ள, லீவு நாளானா கோழி பின்னாடியே குனிஞ்சுகிட்டுப் போவுது," என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். அப்பா, "முட்ட எங்க வுடுதுன்னு பாக்கறானோ என்னவோ," என்பார்.

ஆலையிலும் விஷயம் கசிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டின்போது பையிலிருந்து சின்னது ஒன்று நழுவி சாம்பார் டப்பாவுக்குப் பக்கத்தில் விழுந்ததுதான் காரணம். அதிலிருந்து என் உடன் வேலை பார்ப்பவர் தினமும் காலையில், "என்னா சார், ராத்திரி குட்டி போட்டுதா?" என்பார். முட்டைதான் போடும் என்று ஒருநாள் திருத்தினேன். திருத்தியிருக்கக் கூடாது.

கேலியை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு இது தாமதமாகக் கிடைத்த ஒன்று. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்தவன் நான்தான். அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போய்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். படிக்கிற பிள்ளை என்பதால் எனக்குக் காட்டு வேலை கிடையாது. அதே காரணத்தால் விளையாட்டும் கிடையாது. தெருவில் சத்தம் கேட்கும். நான் உள்ளே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். படிக்கிற சத்தம் நின்றால் அம்மா எட்டிப் பார்ப்பாள். ஒருமுறை ஏரி மண்ணில் ஒரு காளை செய்தேன். கழுத்தைத் தனியாகச் செய்து நூல் கோத்து, தலை ஆடுகிற மாதிரி வைத்தேன். அம்மா அதைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு என் கையைக் கழுவிவிட்டாள். "படிக்கிற புள்ளைக்கு மண்ணுல என்னா வேல," என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். ஒரு காளை மாடு என்னைத் திரும்பக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சு தொடங்கியபோது அந்தப் பயம் திரும்பி வந்தது. பாடாலூரிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். அலமாரியில் வரிசையாக நின்றவற்றைப் பார்த்தார்கள். இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் மூன்றாம் நாள் தூது அனுப்பினார்கள்: பையனுக்குக் கோளாறு ஒன்றுமில்லையே? அடுத்து எறையூர்ப் பக்கத்து வீட்டார் அதையே மரியாதையாக, ஜாதகம் சரியாக அமையவில்லை என்று சொன்னார்கள். முதலில் அமைந்த ஜாதகம்தான் அது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இத்தன வருசம் படிக்க வெச்சு, கடைசில பைத்தியக்காரன்னு பேரு வாங்கவா," என்றாள். இன்னொரு இடமும் இதேபோல் போனால் ஊரில் அந்தப் பேர் நிலைத்துவிடும் என்பதை நானும் அறிவேன்.

மூன்றாவது இடம் அரியலூருக்கு அந்தப் பக்கம், ஏலாக்குறிச்சி போகிற வழியில் ஒரு ஊர். விவசாயக் குடும்பம். பெண் அரியலூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது பின்கட்டில் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். சுற்றிலும் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் கோழிகளைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"லீவு நாள்ல என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

வாய் வரை வந்தது. பாடாலூரும் எறையூரும் கூடவே வந்து குறுக்கே நின்றன.

"புக்கு படிப்பேங்க," என்றேன்.

அவள் தலையாட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதனால் அந்தப் பதில் வீடு வரும் வரை உறுத்திக்கொண்டே வந்தது. அவர்களுக்கும் பிடித்திருந்தது. வீடு பார்க்க வருகிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார்கள்.

அன்று காலை பஸ் நிறுத்தத்துக்குப் போய் அவர்களை அழைத்து வந்தேன். ஐந்து பேர். பேசியது இரண்டு பேர்தான், பெண்ணின் அப்பாவும் அவருடைய தங்கையும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அலமாரியைப் பார்த்தேன். காலி. தூசி படியாத கால் தடங்கள் மட்டும் இரண்டு வரிசையாக இருந்தன. நான் அம்மாவைப் பார்க்க, அம்மா வேறு பக்கம் பார்த்தாள். பதினாறையும் அவ்வளவு சீக்கிரம் எங்கே கொண்டுபோயிருப்பாள் என்று எனக்கு விளங்கவில்லை.

காப்பி ஆயிற்று. பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பட்டறை எந்தப் பக்கங்க?"

அம்மாவின் முகம் போன போக்கில் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

"அங்க எதுக்குங்க, ஒரே குப்பையா கெடக்கு. இன்னொரு நாளு பாத்துக்கலாம்," என்றாள் அம்மா.

"குப்பையா இருந்தா என்னாங்க, நாங்களும் காட்டு வேல பாக்கறவங்கதான்."

"வெயிலு வேற ஏறிப்போச்சு…"

தடுக்கத் தடுக்க அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெங்காயம் அழுகிக் கிடக்கிறது, மறைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. "வாங்க, வாங்க, நல்லா பாருங்க," என்று முன்னால் நடந்தார்.

பெண்ணின் அப்பா தட்டியை விலக்கிக் கையை முழங்கை வரை விட்டார். ஒரு கணம் நின்றார். கையை இழுத்தபோது அதில் நீள்கழுத்து டைனோசர் வந்தது. என்னிடம் இருப்பதிலேயே பெரியது. கழுத்திலும் வாலிலுமாக முப்பது கண்ணிகள். அது அவர் கையில் இரண்டு பக்கமும் நெளிந்தது.

"உடும்பு," என்று கத்திக்கொண்டே அதைத் தூக்கி எறிந்தார்.

அவருடைய தங்கை வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலின் மேல் ஏறி நின்றார். அப்பா கம்பை எடுத்துவிட்டார். பொம்மை களத்தில் விழுந்து உருண்டு மல்லாந்து கிடந்தது. பின்னங்கால் ஒன்று கழன்று தனியே கிடந்தது. அப்பாவின் கம்பு இறங்குவதற்குள் நான் ஓடிப்போய் இரண்டையும் எடுத்தேன். யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது. காலின் குண்டு மூட்டிலிருந்த மண்ணை ஊதினேன், இடுப்புக் குழியில் வைத்து அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன். நிமிர்ந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பக்கத்து வூட்டுப் பசங்க கொண்டாந்து போட்டிருப்பானுங்க. அடங்காத பசங்க," என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். "அப்புடியா தம்பி?"

ஆமாங்க என்றால் போதும். கடைக்காரரிடம் இரண்டு வருடம் சொன்ன அதே வார்த்தை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அதைத்தான் கெஞ்சினாள். ஆனால் அப்படிச் சொன்னால் கல்யாணத்துக்குப் பிறகும் இவை எங்காவது ஒரு பட்டறைக்குள்தான் கிடக்க வேண்டும். நானும் கூடவே.

"இல்லீங்க. என்னுதுதாங்க," என்றேன்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டு உதவிக்கு வந்தார். "அவன் வேல பாக்கற எடத்துல இதுங்க எலும்புதான் வருதுங்க. அத வெச்சு ஏதோ பாக்கறான்." நான் சோதிக்கும் தூளில் இதுவரை ஒரு எலும்பும் வந்ததில்லை. அதைத் திருத்தவில்லை. அன்றைக்கு ஒரு உண்மை போதும் என்று பட்டது.

"எங்கூருப் பக்கம்கூட யாரு யாரோ வந்து எலும்புன்னு தோண்டிட்டுப் போறாங்க," என்றார் பெண்ணின் அப்பா. "அது இதானா?" பொம்மையை வாங்கிக் கழுத்தை ஒருமுறை வளைத்துப் பார்த்தார். "இன்னும் இருக்குதா உள்ள?"

"பதினஞ்சு இருக்குதுங்க."

"இதையெல்லாம் வெச்சு என்னா பண்ணுவீங்க?"

"நடக்க வெப்பேங்க. படம் புடிச்சு."

அவர் பொம்மையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். திரும்பவும் கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டியின் மேல் வைத்தார். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அந்த இடத்து வெங்காயத்தையும் அழுத்திப் பார்த்துக்கொண்டார். பதினைந்தும் வெளியே வந்த பிறகு உள்ளங்கையை முகர்ந்தார்.

"மேலால நல்லா இருக்குது. கீழ வேர்த்துகிட்டுக் கெடக்கு. மேக்குப் பக்கம் தட்டிய கொஞ்சம் தொறந்து வுடுங்க, காத்து போவட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். கட்டிலிலிருந்து இறங்கிய அவர் தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். நான் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாகக் கழுவினேன். கண்ணிகளுக்கு இடையே வெங்காயச் சருகு புகுந்திருந்தது. சருகு போயிற்று. வாசனை போகவில்லை.

பதினோராம் நாள் ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரம். புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"புக்கு படிப்பேன்னுதான சொன்னீங்க?"

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

"படிப்பேங்க. அதுவும் படிப்பேன்."

"எங்கப்பா ரெண்டு நாளா இதையேதான் சொல்லிகிட்டிருந்தாரு. கைய வுட்டேன், வழவழன்னு வளையுதுன்னு. அத்த வேணாம்னுட்டாங்க. கட்டில் மேல ஏறுனத நெனச்சு நெனச்சு அவங்களுக்குக் கோவம் அடங்கல."

"மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

"அத நீங்களே வந்து சொல்லுங்க. அப்பா என்னா சொன்னாருன்னா, பெத்தவ வாய்க்கு எதுருல என்னுதுன்னு சொன்னான், அந்தப் பையன் மறைக்கிற ஆளு இல்லன்னாரு. ஆனா எங்கிட்ட மறைச்சீங்கல்ல?"

"மறைச்சேங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் இதனாலதான் போச்சு. பயமா இருந்துச்சு."

லாரி ஒன்று கல் ஏற்றிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"நடக்கற மாதிரி எடுப்பீங்களாமே. ஒண்ணு அனுப்புங்க, பாக்கறேன். அப்பறம் சொல்றேன்."

அனுப்பினேன். கோழியைப் பார்த்து எடுத்தவற்றிலேயே சிறந்தது. இரண்டு கால் டைனோசர் எங்கள் களத்தைக் குறுக்கே கடந்து, நின்று, தலையைத் திருப்பிப் பார்க்கும். பதினோரு நொடி. அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து உள்ளே போனேன். ஒரு சோதனையை இரண்டு முறை தப்பாகச் செய்தேன்.

மூன்று மணி வாக்கில் வந்தது.

"கால் சரியா வருது. தலதான் மெதுவா திரும்புது. கோழி அப்பிடித் திரும்பாது. படக்னு திரும்பி நின்னுரும். எங்க வூட்டுல பதினெட்டு கோழி இருக்கு."

நான் எடுத்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரு வருடமாகப் பார்த்தும் எனக்குப் படாதது. சோதனைக் கூடத்திலேயே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. "என்னா சார், குட்டியா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். "ஆமா," என்றேன்.

நாள் குறிக்க வருவதாக முறையாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த அத்தையும் வருகிறார் என்றார்கள். நான் போய்ச் சொன்ன மன்னிப்பை அவர் பாதிதான் ஏற்றுக்கொண்டிருந்தார். மீதியை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். பெரம்பலூர் கடைக்காரரிடமும் போய், அக்கா பையன் என்று யாருமில்லை, நான்தான் என்றேன். அவர் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். "அப்ப அந்தக் காய்ச்சலு?" என்றார்.

அவர்கள் வருகிற அன்று காலை நான் பூ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அலமாரி துடைக்கப்பட்டு, பதினாறும் வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன. வரிசை என் வரிசை இல்லை. பெரியது நடுவில், சிறியவை இரண்டு ஓரத்திலும், கல்யாண வீட்டில் படம் எடுக்க நிற்கிற மாதிரி. முன்னால் ஒன்று, இரண்டு கால்களையும் மடித்துச் சம்மணம் போட்டு, கைகளை முட்டியின் மேல் வைத்து உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு நிலையில் உட்கார வைக்க வேண்டுமென்றால் ஆறு மூட்டுகளையாவது திருப்ப வேண்டும். நேரம் எடுக்கிற வேலை.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "அது நிக்க மாட்டேங்குது. அதான் ஒக்கார வெச்சேன்."

"கணுக்கால கொஞ்சம் முன்னால தள்ளுனா நிக்கும்மா."

"அவங்க வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கட்டும்," என்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "எங்க, எப்புடித் தள்ளணும்?"

காட்டினேன். அவளுடைய விரல்கள் தடித்தவை, களைக்கொத்து பிடித்துக் காய்த்தவை. இருந்தும் கணுக்கால் மூட்டைச் சரியான இடத்தில் பிடித்துத் தள்ளினாள். பொம்மை ஒரு நொடி நின்றது, சாய்ந்தது. மறுபடி தள்ளினாள். வெளியே அவர்கள் வந்து சேர்ந்துவிட்ட சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெண்ணின் அப்பா கேட்பது காதில் விழுந்தது.

"மேக்குப் பக்கம் தட்டிய தொறந்து வுட்டீங்களா?"

"அன்னைக்கே தொறந்தாச்சுங்க," என்றார் அப்பா.

அம்மா கையை எடுத்தாள். அது நின்றது.